குரலுக்கு ஒரே நிறமா?

பாடும் பெண்ணொருத்தியைப் பற்றி நம்மவர் இருவர் உரையாடுவதைச் சற்றே செவிமடுத்துப் பாருங்கள். “குரல் எப்படி?” என்று ஒருவர் வினவுவார். “நல்ல இனிமையான குரல்” என்று மற்றவர் விடை பகர்வார். அத்துடன் அந்த ஆராய்ச்சி முற்றுப் பெற்றுவிடும். நெல்லில் எத்தனை வகை என்று நமக்குத் தெரியும். மாவில் எத்தனை சாதி என்று தெரியும். இரத்தினபுரிச் சீமையிலே மண்ணைத் தோண்டிக் கல்லெடுப்பவன் நீலக்கல் ஒன்றிலேயே வெளிறிய நீலம் வேறு, கருநீலம் வேறு, வானத்து நீலம் வேறு என்று பிரித்துக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை சொல்லுவான். இவ்வளவையும் வேறுபடுத்தி அறியத் தெரிந்த நாம், பெண்ணின் குரல் என்று வரும்போது மட்டும் ‘இனிமை’ என்னும் ஒற்றைச் சொல்லோடு அமைந்துவிடுகிறோம்.

அந்தச் சொல்லுக்குள் அடங்காத குரலை நாம் என்ன செய்கிறோம்? “ஆண்பிள்ளைக் குரல்” என்கிறோம். “கட்டைத் தொண்டை” என்கிறோம். பாடவந்த சிறுமியைக் கூட்டத்தின் பின்வரிசையிலே நிறுத்தி, வாயை மட்டும் அசைக்கச் சொல்லுகிறோம். கஹவத்தையையும் அதைச் சூழ்ந்த தோட்டங்களையும் சேர்ந்த பாடசாலைகளில் மட்டும் நிகழும் காரியமன்று இது. ஆயினும், வேறு செல்வம் அதிகம் இல்லாத நம் பிள்ளைகளுக்குத் தொண்டையும் ஒரு செல்வம் ஆதலால், அதை இழப்பது இங்கே பெரிய இழப்பாகிறது. ஆகையால் இதைப் பற்றிச் சிறிது விரிவாகவே சிந்திப்பது தகும்.

நான் சொல்ல வருவது இதுதான்: பெண்குரல் ஒன்றல்ல, பல. ஒவ்வொரு பாடகிக்கும் அவளுக்கே உரிய சுருதியை வழங்கும் பெருந்தன்மை நம் இசைமரபில் தொன்றுதொட்டு உண்டு. அந்த உரிமையை, திரைப்படப் பாட்டின் மயக்கத்தில், நாமே நம் சிறுமியரிடமிருந்து பறித்துக்கொண்டிருக்கிறோம்.

நாதத்தின் நிறம்

ஒரே சுரத்தை ஒரே சுருதியில் இருவர் பாடினாலும், இவர் இன்னார், அவர் இன்னார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுகிறோமே, அது எப்படி? வீணையும் குழலும் ஒரே சட்சமத்தைப் பேசினாலும் வீணை வேறு, குழல் வேறு என்று உணர்கிறோமே, அதே காரணம்தான். எந்த நாதமும் தனித்து ஒலிப்பதில்லை. அடிநாதத்தோடு அதன் இரட்டிப்பு, மும்மடங்கு, நான்மடங்கு என்று பல மேல்நாதங்கள் கூடவே பிறக்கின்றன. அவற்றுள் எது ஓங்குகிறது, எது ஒடுங்குகிறது என்பதே நாதத்தின் நிறம்.

மனிதக் குரலில் இந்த நிறத்தை நிர்ணயிப்பவை இரண்டு. தொண்டைக்குள் அதிரும் குரல்நாண்களின் நீளமும் தடிப்பும் ஒன்று. அந்த அதிர்வு எதிரொலிக்கும் தொண்டை, வாய் ஆகியவற்றின் அமைப்பு மற்றொன்று. பேசும்போது ஆணின் குரல்நாண் வினாடிக்கு ஏறத்தாழ நூறு முதல் நூற்றிருபத்தைந்து முறை வரை அதிர்கிறது. பெண்ணுடையது ஏறத்தாழ இருநூறு முறை. இவை சராசரிக் கணக்கே. பெண்களுக்குள்ளேயே நாண் நீண்டவர் உண்டு, குறுகியவர் உண்டு. தடித்தவர் உண்டு, மெலிந்தவர் உண்டு. உயரத்தையும் முகத்தையும் போலக் குரலும் உடலோடு பிறந்தது. ஒருத்தியின் குரல் தாழ்ந்திருப்பது அவளுடைய குற்றமுமன்று, குறையுமன்று.

பிரித்தறிந்த மேனாட்டார்

மேனாட்டார் ஓபரா என வழங்கும் இசைநாடகத்தில் ஒலிபெருக்கிக்கு இடமில்லை. அரங்கின் முன்னே பல பத்து வாத்தியங்கள் முழங்க, பாடகி தன் வெறுங்குரலால் அவற்றைக் கடந்து, கடைசி வரிசையில் இருப்பவன் செவியையும் எட்டவேண்டும். ஆகவே குரலை அளந்து வகுக்கும் சாத்திரம் அங்கே மிக நுட்பமாக வளர்ந்தது. உயர்ந்த பெண்குரலைச் சொப்ரானோ என்றும், இடைப்பட்டதை மெஸ்ஸோ சொப்ரானோ என்றும், தாழ்ந்து கனத்ததைக் கொன்ட்ரால்டோ என்றும் பிரித்தார்கள். சொப்ரானோவுக்குள்ளும் சங்கதிகளை மின்னலாய் உதிர்ப்பது ஒன்று, குழைந்து ஒழுகுவது ஒன்று, இடியென முழங்குவது ஒன்று எனப் பல பிரிவு கண்டார்கள். ஜெர்மனிய நாடக அரங்குகளிலே இன்ன குரலுக்கு இன்ன பாத்திரம் என்று பட்டியல் வகுத்து, அதன்படியே பாடகியரை அமர்த்தும் முறையும் உண்டு.

ஒரே வகுப்பைச் சேர்ந்த இருவரிடையேயும் எவ்வளவு வேற்றுமை இருக்கலாம் என்பதற்கு 1950களில் மிலான் நகரத்து லா ஸ்காலா அரங்கில் பாடிய இருவரைச் சான்று காட்டலாம். ஒருவர் ரெனாட்டா தெபால்டி. மற்றவர் மரியா கல்லாஸ். இருவருமே சொப்ரானோ. தெபால்டியின் குரல் பால்போல் வழுவழுப்பானது. கல்லாஸின் குரலோ ஓரிடத்தில் மெல்லியது, ஓரிடத்தில் கரடுமுரடானது, உச்சியிலே சில வேளை கூர்மையானது. அழகிய குரலென்று அதை எல்லோரும் ஒப்பவில்லை. ஆனால் கோபத்தையும் வஞ்சத்தையும் வேதனையையும் அந்தக் குரல் காட்டியதுபோல் காட்டியவர் அரியர் என்று இசையறிந்தோர் போற்றினர். இருவருக்கும் இரு கட்சியாக இரசிகர்கள் பிரிந்து வாதிட்டனர். வாதம் முடியவேயில்லை. முடியாதிருந்ததே அந்தக் கலைக்கு நன்மை.

இதற்கும் நூறாண்டு முன்னரே வெர்டி என்னும் இத்தாலிய இசைமேதை இந்த உண்மையைக் கண்டவர். அவருடைய ‘மக்பெத்’ இசைநாடகம் 1847இல் புளோரன்ஸ் நகரில் அரங்கேறியது. மறு ஆண்டு நேப்பிள்ஸ் நகரில் அதை நடத்த முற்பட்டபோது, சீமாட்டி மக்பெத்தின் பாத்திரத்துக்குத் தடோலினி என்ற புகழ்பெற்ற பாடகியைக் குறித்தனர். வெர்டி அதற்கு உடன்படாமல் எழுதிய கடிதம் இன்றும் பேசப்படுகிறது. அந்த அம்மையாரின் குரல் குறையின்றி அழகாயிருப்பதே அவர் கண்ட குறை! கொலைக்குத் துணைபோன பெண்ணின் குரல் கடுமையாக, அடைபட்டு, இருண்டு ஒலிக்கவேண்டும் என்பது அவர் கருத்து. ‘இனிமை’ என்னும் ஒற்றை அளவுகோலை ஒரு பெருங் கலைஞர் கையால் ஒடித்த இடம் இது.

நல்லவள் குரல், பொல்லாதவள் குரல்

ஆனால் ஓபராவிலும் ஒரு கோணல் உண்டு. குரலை வகுத்தவர்கள், வகுத்ததோடு நில்லாமல் ஒவ்வொரு வகைக்கும் ஒரு குணத்தையும் ஏற்றிவிட்டார்கள். உயர்ந்த குரல் வந்தால் அவள் கன்னி, கற்புடையவள், கதாநாயகி. தாழ்ந்த குரல் வந்தால் அவள் தாய், கிழவி, சூனியக்காரி, அல்லது ஆடவரை மயக்குபவள். 1853இல் வந்த ‘இல் த்ரொவத்தோரே’யிலே பழிவாங்கத் துடிக்கும் நாடோடித் தாய்க்கு மெஸ்ஸோ. 1875இல் பாரிஸில் அரங்கேறிய ‘கார்மென்’ நாடகத்திலே சுருட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்யும் கார்மெனுக்கு மெஸ்ஸோ. அவளுக்கு எதிராக நிறுத்தப்படும் அடக்கமான கிராமத்துப் பெண் மிக்கயேலாவுக்குச் சொப்ரானோ. உழைத்துப் பிழைப்பவள் தாழ்ந்த குரலிலும், வீட்டுக்கு அடங்கியவள் உயர்ந்த குரலிலும் பாடுகிறார்கள்! தோட்டத்திலே மலையேறிக் கொழுந்தெடுக்கும் பெண்களுக்கிடையே வாழும் நமக்கு இந்த ஏற்பாடு சற்று உறுத்தாமற் போகாது.

மரியன் ஆண்டர்சன் அம்மையாரின் வரலாறு இதைவிடவும் உறுத்துவது. அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணியாகிய அவர் பெருமை மிக்க கொன்ட்ரால்டோ குரலுக்கு உரியவர். 1939இல் வாஷிங்டன் நகரத்துப் பெரிய மண்டபம் ஒன்று, நிறம் காரணமாக, அவருக்கு மறுக்கப்பட்டது. அவர் லிங்கன் நினைவாலயத்தின் படிகளிலே நின்று பாடினார். எழுபத்தையாயிரம் மக்கள் திரண்டு கேட்டனர். 1955இல் நியூயார்க் மெட்ரோபொலிற்றன் ஓபராவின் மேடையிலே முதன்முதலாக ஒரு கறுப்பினப் பாடகர் தனிப்பாத்திரம் ஏற்றபோது, அவர் இந்த அம்மையாரே. கிடைத்த பாத்திரம் யாது? வெர்டியின் ‘உன் பல்லோ இன் மாஸ்கெரா’விலே குறி சொல்லும் சூனியக்காரி உல்ரிக்கா! கதவு திறந்தது மெய்தான். ஆனால் தாழ்ந்த குரலுக்கென ஒதுக்கிய வாசல் வழியாகவே திறந்தது.

நம் மேடையின் வெண்கலம்

மேனாட்டாரைக் குறை கூறிவிட்டு நாம் தப்பிவிட முடியுமா? நம் மேடையைப் பார்ப்போம்.

தமிழுக்கும் ஓர் ஓபரா இருந்தது. ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘நல்லதங்காள்’ என்று விடிய விடியப் பாடி நடித்த இசைநாடகமே அது. அங்கும் தொடக்கத்தில் ஒலிபெருக்கி இல்லை. கொட்டகையின் கடைக்கோடியிலே தரையில் அமர்ந்திருப்பவன் காசுக்கும் பாட்டு எட்டவேண்டும். அந்தத் தேவைதான் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் போன்றோரின் வெண்கலக் குரலை வளர்த்தது. 1908இல் பிறந்த அந்த அம்மையாரும், ஆண்களுள் மிக உயர்ந்த சுருதியில் பாடிய எஸ். ஜி. கிட்டப்பாவும் 1920களில் நம் கொழும்பு மாநகரில் இணைந்து நடித்தவர்கள் என்பதில் நமக்கும் சிறிது பெருமை உண்டு. கிட்டப்பா 1933இல் இளமையிலேயே மறைந்தார். அதன்பின் சுந்தராம்பாள் 1935இல் ‘பக்த நந்தனார்’ படத்திலே நந்தனாராகவே, ஆண்வேடம் பூண்டு நடித்தார். அதற்கு அவர் பெற்ற இலட்சம் ரூபாய் அக்காலத்தில் நாடே வியந்த தொகை. கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட அடியவனின் ஏக்கத்தைப் பாட, ஒரு பெண்ணின் கணீரென்ற குரல் போதுமானதாயிருந்தது. ‘ஆண்பிள்ளைக் குரல்’ என்று அன்று யாரும் அவரைப் பின்வரிசைக்கு அனுப்பவில்லை.

கச்சேரி மேடையிலும் அவ்வாறே. எம். எஸ். சுப்புலட்சுமியின் குரல் சுருதியோடு ஒட்டி, மேல்ஸ்தாயியில் ஒளிவீசியது. டி. கே. பட்டம்மாளின் குரலோ கனமும் அழுத்தமும் நிதானமும் கொண்டது. பெண்களுக்கு ஏலாதென்று ஒதுக்கி வைத்த இராகம் தானம் பல்லவியை மேடையிலே நிலைநாட்டிப் ‘பல்லவி பட்டம்மாள்’ எனப் பெயர் பெற்றவர் அவர். எம். எல். வசந்தகுமாரியின் குரல் ஜி. என். பாலசுப்பிரமணியத்தின் வழிவந்த பிருகாக்களை நீரோட்டம்போல் உருட்டியது. 1951இல் மிக இளவயதிலேயே மறைந்த என். சி. வசந்தகோகிலத்தின் குரல் உயரப் பறக்கும் பறவையை ஒத்தது. நால்வரும் நான்கு நிறம். ஒருவரைப் போல மற்றவர் பாடவேண்டுமென்று கேட்டிருந்தால், ஒரு சுப்புலட்சுமியும் மூன்று நிழல்களுமே நமக்குக் கிடைத்திருக்கும்.

இவ்வளவு வகையும் எவ்வாறு வாழ்ந்தன? விடை எளிது. ஓபராவிலே இசையமைத்தவன் சுருதியை எழுதி வைத்துவிடுகிறான். பாடகி அதற்குள் தன்னைப் பொருத்திக்கொள்ளவேண்டும். நம் மரபிலோ பாடுபவர்தாம் சுருதியை நிர்ணயிக்கிறார். தம்புரா அவருக்காகக் கூட்டப்படுகிறது. மிருதங்கம் அவருக்காகச் சேர்க்கப்படுகிறது. பிடில் அவர் பின்னே வருகிறது. நாலரைக் கட்டையா, ஐந்தரையா, ஆறா என்பது அவரவர் தொண்டையின் உரிமை. வயது ஏறக் குரல் தாழ்ந்தால், சுருதியையும் தாழ்த்திக்கொண்டு பாடுவர். கேட்பவர் அதைக் குறையாக எண்ணுவதில்லை. குரல்களை நுட்பமாக வகுத்த மேனாட்டாரைவிட, வகுக்காமலே இடங்கொடுத்த நம் முன்னோர் இந்த ஒரு காரியத்தில் தாராளமானவர்கள்.

ஒலிவாங்கி செய்த மாற்றம்

பின் எங்கே தடுக்கி விழுந்தோம்? ஒலிவாங்கி வந்தது. மெல்லிய குரலும் ஊரெங்கும் கேட்கலாயிற்று, அது நன்மையே. தொடர்ந்து, ஒருவர் நடிக்க மற்றொருவர் பாடும் பின்னணி முறை சினிமாவில் வேரூன்றியது. அங்கே சுருதியை நிர்ணயிப்பவர் இசையமைப்பாளர். ஓபராவின் சட்டம் இங்கேயும் நுழைந்தது. ஓபராவின் கோணலும் கூடவே நுழைந்தது. கதாநாயகிக்கு பி. சுசீலாவின் தேன்குரல், இரவு விடுதியில் ஆடுபவளுக்கு எல். ஆர். ஈஸ்வரியின் துள்ளும் குரல் என்று பாத்திரம் பிரித்தனர். சுந்தராம்பாளின் வெண்கலம் என்னவாயிற்று? 1953இல் ஔவையார், 1964இல் ‘பூம்புகா’ரில் கவுந்தியடிகள், 1965இல் ‘திருவிளையாட’லில் மீண்டும் ஔவையார்! கம்பீரமான குரலுக்குத் துறவியும் கிழவியுமே உரியவர் என்று திரை தீர்ப்பளித்துவிட்டது.

அந்தத் தீர்ப்பு எவ்வளவு பொய்யானது என்பதை நம் தோட்டங்களின் மாரியம்மன் கோயில்களே மெய்ப்பித்துவிட்டன. திருவிழாக் காலத்திலே அங்கே ஒலிபெருக்கியில் முழங்கும் அம்மன் பாடல்கள் யாருடைய குரலில்? அதே எல். ஆர். ஈஸ்வரியின் குரலில். திரை எந்தக் குரலை ஆட்டக்காரிக்கு ஒதுக்கியதோ, அந்தக் குரலையே பக்தர்கள் அம்மனுக்குரியதென ஏற்றுக் கரகத்தோடு நடந்தார்கள். குரலில் குணம் எழுதியில்லை. கேட்பவர் பழக்கத்தில்தான் எழுதியிருக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

மலையில் ஒலிக்கும் குரல்கள்

நம் தோட்டத்துப் பெண்ணின் தொண்டையையே எடுத்துக்கொள்வோம். கஹவத்தைப் பகுதி தேயிலையும் இறப்பரும் அடுத்தடுத்து நிற்கும் தாழ்ந்த மலைநாடு. விடியுமுன் இறப்பர்க் காட்டில் பால் வெட்டச் செல்பவள், மரங்களுக்கு அப்பால் நிற்கும் தோழியை அழைக்கும் குரல் ஒன்று. நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கும்போது அடுத்த நிரைக்காரியோடு பேசும் குரல் ஒன்று. மாலையில் லயத்துக் காம்பராவில் பிள்ளையைத் தூங்கவைக்கும்போது தாழ்ந்து, மூச்சோடு கலந்து வரும் தாலாட்டுக் குரல் ஒன்று. கோயிலிலே குலவையிடும்போது வானத்தைத் தைக்கும் குரல் ஒன்று. இழவு வீட்டிலே மேலே எழும்பி, உடைந்து, படிப்படியாய் இறங்கும் ஒப்பாரிக் குரல் ஒன்று. ஓபரா அரங்கு பல பாடகியருக்குப் பங்கிட்டுக் கொடுத்ததை நம் கிழவி ஒருத்தி ஒரே வாழ்நாளில், ஒரே தொண்டையில் வைத்திருக்கிறாள். ஆனால் அவளைப் பாடகி என்று நாம் அழைத்ததில்லை.

நம் கூத்து மரபிலும் ஒரு முரண் உண்டு. மாசி மாதத்துக் காமன் கூத்திலே, மன்மதன் எரிந்தபின் இரதி புலம்பும் கட்டமே உயிர்நாடி. அந்தப் புலம்பலைக் கேட்டுக் கண்கலங்காதவர் இரார். எனினும், இரதியின் வேடத்தை ஆண்களே பூண்டு பாடுவது நெடுங்கால வழக்கம். கணவனை இழந்தவளின் துயரை ஆண் பாடுகிறான். அதை உண்மையாகவே அறிந்தவள் கூட்டத்தின் ஓரத்திலே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். அருச்சுனன் தபசிலும் பொன்னர் சங்கரிலும் பெண்பாத்திரங்களின் நிலை இதுவே. ஆண்கள் அந்தக் கலையைக் காப்பாற்றித் தந்தமைக்கு நாம் நன்றி செலுத்தவேண்டும். ஆனால் இரதி ஒரு தடவையாவது பெண்ணின் குரலில் புலம்பினால் எப்படியிருக்கும் என்று கேட்டுப் பார்க்கும் காலம் வரவேண்டாமா?

பெண்குரல் பொதுமேடைக்கு ஆகாது என்பாரும் உளர். அவர்களுக்கு மீனாட்சியம்மாளின் பெயரை நினைவூட்டுகிறேன். கோ. நடேசய்யரின் துணைவியாராகிய அவர், தோட்டத் தொழிலாளரின் துன்பத்தைப் பாட்டாக்கித் தாமே கூட்டங்களில் பாடியவர். 1940இல் அப்பாடல்களை நூலாகவும் வெளியிட்டவர். மலையகத்திலே பெண்குரல் அரங்கேறியது அரண்மனையிலன்று. உரிமை கேட்ட கூட்டத்திலே. பின்னர் சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்து நமக்குப் பெருந்தொண்டு புரிந்தார். ஆனால் ஏட்டில் ஏறுவது சொல் மட்டுமே. அந்தச் சொல்லைப் பாடிய குரலின் நனைவும் கரகரப்பும் ஏட்டில் ஏறுவதில்லை. அவற்றைப் பாதுகாக்கும் ஏடு அடுத்த தலைமுறையின் தொண்டைதான்.

பாடசாலையில் நடப்பது

இனி, ஆசிரியர்களாகிய நம் பொறுப்புக்கு வருவோம். தமிழ்மொழித் தினப் போட்டிக்கும் கலைவிழாவுக்கும் பிள்ளைகளைத் தெரிவு செய்யும் வேளையிலே நாம் பெரும்பாலும் எதைக் கேட்கிறோம்? வானொலியிலும் ஒலிநாடாவிலும் கேட்டுப் பழகிய குரலின் சாயலைக் கேட்கிறோம். ஆர்மோனியத்தில் நமக்கு வசதியான ஒரு கட்டையை அழுத்துகிறோம். எல்லாப் பிள்ளைகளும் அதற்கே பாடவேண்டும். பாட முடியாதவள் ‘குரல் இல்லாதவள்’ ஆகிவிடுகிறாள்.

இதில் மூன்று தீமைகள் உள்ளன.

முதலாவது, தொண்டைக்கு வரும் கேடு. தனக்கு ஒவ்வாத சுருதியில் நாள்தோறும் இழுத்துப் பாடும் பிள்ளையின் குரல்நாண்களில் வீக்கமும் காய்ப்பும் உண்டாகும். பின்பு இயற்கையான குரலும் கெட்டுவிடும்.

இரண்டாவது, சொல்லுக்கு வரும் கேடு. இதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. உயிரெழுத்துகள் வாய்க்குள் நிகழும் எதிரொலியால் வேறுபடுகின்றன. ‘இ’கரத்தின் முதல் எதிரொலி மிகத் தாழ்ந்தது, ‘ஆ’காரத்தினுடையது உயர்ந்தது. பாடும் சுரம் அந்த எதிரொலியையும் தாண்டி மேலே சென்றுவிட்டால், எழுத்துக்கு எழுத்து வேற்றுமை மங்கிவிடும். ஐந்தரைக் கட்டையில் பாடும் பெண்ணின் மத்திய சட்சம் வினாடிக்கு ஏறத்தாழ 208 அதிர்வு, மேற்சட்சம் 415, மேற்பஞ்சமமோ 620ஐக் கடக்கும். அந்த உயரத்தில் ‘இ’யும் ‘எ’யும் ஒன்றுபோலக் கேட்கும். ஓபராவின் உச்சக்குரலில் சொல் புரிவதில்லை என்று மேனாட்டாரே முறையிடுவதன் காரணம் இதுதான். தமிழ்ப் பாட்டிலே சொல்லே உயிர். தேவாரத்தையும் பாரதியையும் பாடவந்த பிள்ளையை எட்டாத உயரத்துக்கு ஏற்றிவிட்டு, உச்சரிப்புத் தெளிவில்லை என்று புள்ளி குறைப்பது என்ன நீதி? தாழ்ந்த குரல் உடையவள் சொல்லைத் துலக்கமாகச் சொல்ல இயற்கையே துணை நிற்கிறது. அவளைப் பின்வரிசையில் நிறுத்துவது தமிழைப் பின்வரிசையில் நிறுத்துவதாகும்.

மூன்றாவது, மனத்துக்கு வரும் கேடு. பையன்களுக்குக் குரல் உடைவதை எல்லோரும் அறிவர். பெண்பிள்ளைகளுக்கும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதளவில் குரல் மாறுகிறது; ஏறத்தாழ மூன்று சுரத்தானம் தாழ்கிறது; சில மாதங்கள் காற்றுக் கலந்தும் ஒலிக்கிறது. இதை அறியாமல், “போன வருடம் நன்றாகப் பாடினாளே, இப்போது தொண்டை கெட்டுவிட்டது” என்று ஒதுக்கிவிடுகிறோம். உடல் வளர்கிற பருவத்தில், ஏற்கெனவே கூச்சம் மிகுந்த சிறுமிக்கு அந்தச் சொல் ஒன்றே போதும். அவள் பிறகு வாய் திறக்கமாட்டாள். பாட்டுக்கு மட்டும் வாயடைத்தவள் அல்லள் அவள். வகுப்பிலே கேள்வி கேட்கவும், நாளை தொழிற்சங்கக் கூட்டத்திலே நியாயம் பேசவும் அவளுக்கு அந்தக் குரலே வேண்டும்.

“அப்படியானால் போட்டிக்குப் பொது அளவு வேண்டாமா? இனிமைக்கு மதிப்பே இல்லையா?” என்று கேட்கலாம். பொது அளவு கட்டாயம் வேண்டும். சுருதி சேர்ந்ததா, தாளம் தவறியதா, சொல் தெளிந்ததா, பாட்டின் பொருள் குரலில் இறங்கியதா என்பவற்றை அளக்கலாம், அளக்கவும் வேண்டும். குரலின் நிறத்தை அளத்தல் முகத்தின் நிறத்தை அளப்பதற்கு ஒப்பாகும். இனிமையையும் நான் வேண்டாமென்று சொல்லவில்லை. பலாவின் இனிமை வேறு, கரும்பின் இனிமை வேறு, தோடம்பழத்தின் இனிமை வேறு. கரும்பில்லையே என்று பலாவை எறிகின்றவனை நாம் இரசிகன் என்று அழைப்போமா?

செய்யத்தக்கவை சிறியவையே. ஆர்மோனியத்துக்குப் பிள்ளையைப் பொருத்தாமல், பிள்ளைக்கு ஆர்மோனியத்தைப் பொருத்துவோம். கூட்டாகப் பாடும்போது உச்சத்தையும் தாழ்ந்ததையும் விட்டு, பெரும்பாலோருக்கு ஏற்ற நடுச் சுருதியைத் தேடுவோம். மாறும் பருவத்துச் சிறுமிக்கு, இது நோயன்று, வளர்ச்சி என்று எடுத்துச் சொல்லுவோம். லயத்துக்கு ஒரு பாட்டியையேனும் பாடசாலைக்கு அழைத்து, தாலாட்டும் கும்மியும் அவர் குரலிலேயே பிள்ளைகள் கேட்கச் செய்வோம். இன்று சட்டைப்பைக்குள் கிடக்கும் கைப்பேசியே அதைப் பதிந்து வைக்கப் போதும். இவற்றுக்கு அரசாங்கத்தின் உதவியும் வேண்டாம். தோட்டத்துரையின் அனுமதியும் வேண்டாம்.

பழந்தமிழர் ஏழு சுரங்களுக்கும் இட்ட பெயர்களை மாணவர் அறிவர்: குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். வரிசையில் முதலாவதாக நிற்பதற்கே ‘குரல்’ என்று பெயர். மற்ற ஆறும் அதைக் கொண்டே நிற்கின்றன. ஆகவே, அடுத்த முறை ஒரு சிறுமி பாடவந்து நம் முன்னே நிற்கும்போது, எந்தப் பாட்டு என்று கேட்குமுன், “உன் சுருதி எது, அம்மா?” என்று கேட்போமாக. அவளுக்குத் தெரியாவிட்டால், கட்டை கட்டையாக அழுத்திப் பார்த்து அவளோடு சேர்ந்து தேடுவோமாக.